கேட்டுத் தெரு ஆரத்தி

மார்ச் 11, திங்கள்

பிரஷர் 150/95. தினமும் எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். வெறும் எண்ணைப் பார்த்து அவர் என்ன கண்டுபிடிக்கப் போகிறார்? காரணத்தையும் சேர்த்தே எழுதிவிடுகிறேன். இன்றைய காரணம், சுரங்கப்பாதை.

எங்கள் கேட்டுத் தெரு தண்டவாளத்துக்குக் கிழக்கே இருக்கிறது. நெடுவயல் ஊர் முழுக்க மேற்கே. நடுவில் ரயில்வே கேட் இருந்தது. நான்கு வருடம் முன்பு அதை மூடிவிட்டு, தண்டவாளத்துக்கு அடியில் சுரங்கப்பாதை தோண்டினார்கள். பக்கத்திலேயே ஏரி இருப்பது தோண்டியவர்கள் கண்ணில் படவில்லை போலிருக்கிறது. கத்திரி வெயிலிலும் அதில் முழங்கால் தண்ணீர் நிற்கும். வேண்டாமென்றால் மேம்பாலம் வழியாக ஏழு கிலோமீட்டர் சுற்ற வேண்டும்.

இன்று விடியற்காலை இட்லி மாவுக் கேன்கள் இரண்டோடு ஸ்கூட்டரில் இறங்கினேன். நடுத்தண்ணீரில் வண்டி நின்றது. ஒரு கேன் சரிந்து, மூடி கழன்று, மாவு முழுக்கத் தண்ணீரில். கெண்டைக் குஞ்சுகள் கூட்டமாக வந்து சாப்பிட்டன. உளுந்து விற்கிற விலையை அவற்றுக்கு யார் சொல்வது.

பெண்கள் விடுதிக்குப் போய்ச் சேர்ந்தபோது வார்டன் வாசலிலேயே நின்றார். "அரசி, புள்ளைங்க பட்டினியா காலேஜுக்குப் போகுதுங்க. லீவு முடிஞ்சு ஜூன்ல திறந்தப்புறமும் இப்படின்னா நான் வேற ஆளைப் பார்த்துக்குவேன்" என்றார். அவர் மேல் தப்பில்லை. ஆனால் அந்த விடுதி போனால் என் வியாபாரத்தில் பாதி போய்விடும்.

மார்ச் 16, சனி

தேர்தல் தேதி அறிவித்துவிட்டார்கள். டி.வி.யில் சொல்லி முடிப்பதற்குள் இவர் எழுந்து போய்ச் சட்டையை மாற்றிக்கொண்டு வாசலில் நின்றார். இவர் என்றால் என் வீட்டுக்காரர், தணிகைவேல். தொழில் எலக்ட்ரீஷியன். தேர்தல் வந்தால் மட்டும் சரித்திர ஆசிரியர்.

நெடுவயல் நாடாளுமன்றத் தொகுதியின் வரலாறு முழுக்க அவருக்கு வாயில் இருக்கிறது. கல்யாணமான நாளிலிருந்து நான் கேட்டுக்கொண்டிருப்பதால் எனக்கும் இருக்கிறது. 1977இல் ஊர் பேர் தெரியாத ஒரு வாத்தியார் நின்றார். பிரசாரத்துக்குக் கிளம்பிய முதல் நாளே அவருடைய ஜீப் எங்கள் கேட்டில் மாட்டிக்கொண்டது. கூட்ஸ் வண்டி போகிற வரைக்கும் சும்மா நிற்பானேன் என்று இறங்கி நான்கு வார்த்தை பேசினார். எங்கள் வீட்டுப் பெண்கள் ஆரத்தி எடுத்தார்கள். ஜெயித்து டில்லிக்குப் போய்விட்டார்.

அன்று பிடித்தது சனி. அதற்கப்புறம் நின்றவர்கள் எல்லாரும் எங்கள் தெருப் பிள்ளையாரிடம் தேங்காய் உடைத்து, எங்கள் வீட்டு வாசலில் ஆரத்தி வாங்கிக்கொண்டுதான் கிளம்புகிறார்கள். தியேட்டர் முதலாளி வந்தார். வக்கீல் ஒருவர் வந்தார், ஜெயித்துப் போனவர் அடுத்த தேர்தலுக்குத்தான் திரும்பினார், அப்போது தெருவுக்கு வழி கேட்டுக்கொண்டு வந்தாராம். ஒரு தடவை ஒரு வருடத்திலேயே ஆட்சி கவிழ்ந்து மறுபடி தேர்தல் வர, அதே ஆள் அதே சட்டையோடு வந்தார். அப்புறம் தொகுதி மறுசீரமைப்பு என்று இரண்டு சட்டமன்றத் தொகுதிகளைப் பிய்த்து எடுத்து, வேறு இரண்டை ஒட்டினார்கள்.

"வெட்டினாங்க, ஒட்டினாங்க, நம்ம தெருவை அசைக்க முடிஞ்சுதா?" என்று இன்று பால்காரரைக் கேட்டார் இவர்.

"ஏங்க, நிக்கிறவங்க எல்லாருமே இங்கதானே வர்றாங்க. அப்ப ஜெயிக்கிறவன் மட்டும் வேற எங்கருந்து வருவான்? தோத்தவங்களுக்கும் நான்தானே ஆரத்தி எடுத்தேன்" என்றேன்.

"தோத்தவங்களை எவன் ஞாபகம் வெச்சிருக்கான்?" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பிடிக்கப் போய்விட்டார்.

மார்ச் 20, புதன்

மேம்பாலத்தில் தேர்தல் பறக்கும் படை மறித்தது. "கேன்ல என்னம்மா?" மாவு என்றேன். "இவ்ளோ மாவா?" என்று சந்தேகப்பட்டு மூடியைத் திறந்தார் ஒருவர். புளிப்பு வாடை அடித்ததும் தலையைப் பின்னுக்கு இழுத்தார். உள்ளே கரண்டியை விட்டுக் கிண்டிப் பார்க்கட்டுமா என்று இன்னொருவர் கேட்டார். கையைக் கழுவிவிட்டுக் கிண்டுங்கள் என்றேன். விட்டுவிட்டார்கள். பிரஷர் பார்க்கவில்லை. பார்த்தால் மெஷின் பயந்துவிடும்.

மார்ச் 22, வெள்ளி

தேர் சின்னத்துக் கட்சியிலிருந்து ஆள் வந்தார். இப்போதைய எம்.பி. குணசீலன்தான் மறுபடியும் நிற்கிறார், செவ்வாய்க்கிழமை காலை ஆரத்தி தயாராக இருக்கட்டும் என்றார். அவர் போய்ப் பத்து நிமிடத்தில் குடை சின்னத்து ஆள். அவர்கள் வேட்பாளர் பழைய எம்.பி. பலராமன், அவருக்கும் அதே செவ்வாய், அதே காலை.

இரண்டு பேரையும் அனுப்பிவிட்டுப் பக்கத்து வீட்டு ஜைத்தூன் அக்காவிடம் புலம்பினேன். அக்கா தையல் மெஷினை நிறுத்தாமலே கேட்டாள். "எந்த வழியா வர்றாங்களாம்?"

"மேம்பாலத்தைச் சுத்திதான். ஏசி கார்ல."

"நீ தெனமும் எந்த வழியாப் போற?"

அவ்வளவுதான் கேட்டாள். எனக்குப் பொறி தட்டிவிட்டது. இரண்டு கட்சிக்கும் போன் போட்டேன். சுரங்கப்பாதை வழியாக, நடந்து, வருகிறவர்களுக்குத்தான் ஆரத்தி. சுற்றி வந்தால் தட்டு வெளியே வராது. தெருப் பெண்கள் எல்லாரும் சேர்ந்து எடுத்த முடிவு என்று சொன்னேன். சொன்ன பிறகு ஒவ்வொரு வீடாகப் போய்ச் சேர்த்துக்கொண்டேன்.

இவருக்கு மகா கோபம். "தெருவோட மானத்தை வாங்கிடாத அரசி. அவங்க வராமப் போயிட்டா என்ன பண்ணுவ?" என்று சாப்பிடாமல் படுத்தார். ஒன்பது மணிக்கு எழுந்து சாப்பிட்டார்.

மார்ச் 26, செவ்வாய்

கண்கொள்ளாக் காட்சி. நேற்று மதியமே தேர்க்காரர்கள் டீசல் மோட்டார் ஒன்றைக் கொண்டுவந்து மேற்குப் பக்கம் இறக்கினார்கள். அதைக் கேள்விப்பட்டுக் குடைக்காரர்கள் கிழக்குப் பக்கம் இரண்டு இறக்கினார்கள். போட்டி போட்டு இறைத்ததில் பொழுது விடியும்போது தரை தெரிந்தது. நான்கு வருடத்தில் முதல் தடவையாக அந்தத் தரையைப் பார்க்கிறேன். நன்றாகத்தான் சிமெண்டு போட்டிருக்கிறார்கள்.

குணசீலன் முதலில் நடந்து வந்தார், அரை மணி கழித்துப் பலராமன். இருவருக்கும் ஒரே ஆரத்தி, ஒரே சிரிப்பு. இருவரும் மைக்கில் சுரங்கப்பாதைக்கு நிரந்தரத் தீர்வு என்றார்கள். இவர் இருவருக்கும் 1977 ஜீப் கதையைச் சொன்னார். இருவரும் முதன்முதலாகக் கேட்பதுபோல் கேட்டார்கள். அந்த மரியாதை உண்டு.

மதியம் மோட்டார்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். சாயங்காலம் கணுக்கால் தண்ணீர்.

மார்ச் 28, வியாழன்

முழங்கால் தண்ணீர். ஸ்கூட்டர் இன்றும் நடுவில் நின்றது. தள்ளிக்கொண்டிருந்தபோது எதிரே கொடி கட்டிய ஜீப் இறங்கியது. நாற்காலி சின்னம். திருமூர்த்தி என்று ஒருவர், மாட்டு டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், முதல் தடவை நிற்கிறார். மோட்டாருக்கெல்லாம் அவர்களிடம் வசதி இல்லை. ஜீப்பும் என் ஸ்கூட்டருக்கு முன்னால் வந்து நின்று, புஸ் என்று அடங்கியது.

மனிதர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் குதித்தார். தன் ஜீப்பைப் பார்க்காமல் நேரே என்னிடம் வந்தார்.

"கேன்ல என்னக்கா?"

"மாவு. விடுதிக்கு."

"அப்ப அது முதல்ல போகட்டும். நான் மெதுவா ஓட்டு கேட்டுக்கறேன்."

ஸ்கூட்டரை மேடு வரைக்கும் தள்ளிக் கொடுத்தார். மாட்டு டாக்டர் என்பதால் கையில் வலு இருக்கிறது. அப்புறம் அவரும் ஆட்களும் ஜீப்பைத் தள்ளு தள்ளு என்று தள்ளி, வந்த வழியே மேலே ஏற்றினார்கள். அதற்குள் அடுத்த ஊர்க் கூட்டத்துக்கு நேரமாகிவிட, சொட்டச் சொட்ட நனைந்த வேட்டியோடு அப்படியே திரும்பிப் போய்விட்டார். பிள்ளையாரும் இல்லை, ஆரத்தியும் இல்லை. யாரோ மேலே நின்று செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"முடிஞ்சுது அவர் கதை. தெரு வாசலைக்கூட மிதிக்கலையே" என்றார் இவர். எனக்கு என்ன வந்தது. சும்மா எழுதி வைக்கிறேன்.

ஏப்ரல் 4, வியாழன்

ஜீப் தள்ளுகிற படம் எல்லார் செல்போனிலும் ஓடுகிறது. விடுதிப் பெண்கள் காட்டினார்கள். அதில் என் முதுகு தெரிகிறது. அந்தப் பச்சைச் சேலையை இனிமேல் வெளியே கட்டக்கூடாது.

ஏப்ரல் 19, வெள்ளி

ஓட்டுப் போட்டாயிற்று. வரிசையில் ஜைத்தூன் அக்கா எனக்கு முன்னால். திரும்பி வரும்போது இவர் மூன்று தடவை கேட்டார். ஓட்டு ரகசியமானது என்று சட்டம் இருக்கிறது. நாட்குறிப்புக்கும் அந்தச் சட்டம் பொருந்தும் என்று நினைக்கிறேன்.

மே 9, வியாழன்

வெயில். மாவு மூன்று மணி நேரத்தில் பொங்கி வழிகிறது. வேறு விசேஷம் இல்லை.

ஜூன் 4, செவ்வாய்

திருமூர்த்தி ஜெயித்துவிட்டார்.

ஜூன் 6, வியாழன்

நேற்று முழுக்க இவர் வாசலுக்கே போகவில்லை. டி.வி.யில் யாரோ சொல்லியிருக்கிறார்கள், நெடுவயல் கேட்டுத் தெரு ராசி உடைந்தது, அங்கே ஆரத்தி வாங்கிய இருவரும் தோற்றார்கள், வாங்காதவர் ஜெயித்தார் என்று. அதிலிருந்து டீக்கடைப் பக்கமே போவதில்லை. பால்காரர் வந்து, "என்னண்ணே, ராசி போச்சா?" என்று சிரித்தார். பழைய தணிகைவேலாக இருந்தால் 1977 ஜீப்பை மறுபடி ஸ்டார்ட் செய்திருப்பார். இவர் பால் பாத்திரத்தை மட்டும் நீட்டினார்.

அந்தப் பால்காரரை நாளையிலிருந்து வேறு வீடு பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன். பால் தண்ணியாக இருக்கிறது என்று காரணம் சொன்னேன்.

சாப்பிடும்போது இவர் கேட்டார். "நம்ம பூத்துல நாற்காலிக்கு இருபத்தேழு ஓட்டு விழுந்திருக்கு. நம்ம தெருவுல இருந்துக்கிட்டு யாரு அரசி அந்த இருபத்தேழு பேரு?"

நான் சட்னி அரைத்துக்கொண்டிருந்தேன். மிக்ஸி சத்தத்தில் சரியாகக் காதில் விழவில்லை.

ஜூன் 16, ஞாயிறு

எம்.பி. நன்றி சொல்லச் சுற்றுப்பயணம் வந்தார். நெடுவயலில் எல்லாத் தெருவுக்கும் போனார். ரயில்வே ஸ்டேஷன் வரைக்கும் வந்து திரும்பிவிட்டார். நாங்கள் காத்திருந்து காத்திருந்து உள்ளே வந்தோம். அவருடைய கட்சிக்காரர் ஒருவரைப் பிடித்து ஜைத்தூன் அக்கா விசாரித்தாள். உங்கள் தெருவை மிதிக்காமல்தான் ஜெயித்தார், இனி ஆயுசுக்கும் மிதிக்கக்கூடாது, ஆரத்தி என்றால் கிட்டவே போகக்கூடாது என்று ஜோசியர் சொல்லிவிட்டாராம்.

ஸ்கூட்டர் தள்ளிய மனிதர். மற்ற இருவரும் பொய் சொல்லவாவது தெருவுக்கு வந்தார்கள்.

ஜூன் 20, வியாழன்

பிரஷர் 160/100. காலேஜ் திறந்துவிட்டது. இன்று முக்கால் மணி நேரம் தாமதம். "ஜூலை முடிய பார்ப்பேன் அரசி. அதுக்கு மேல என்னைக் குத்தம் சொல்லாத" என்றார் வார்டன். மனசு விட்டுப்போகிறது.

ஜூன் 23, ஞாயிறு

காலையில் குடைக்கட்சி ஆள் வந்தார், பூ பழத்தோடு. தோற்ற பலராமனின் ஆள் இனி எதற்கு வருகிறார் என்று இவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அக்கா, ஒரு உதவி. நீங்க எப்படியாவது திருமூர்த்திக்கு ஒரே ஒரு தடவை ஆரத்தி எடுத்துடணும்."

"எதுக்கு?"

"உங்க ஆரத்தி எங்களை என்ன பண்ணுச்சுன்னு பார்த்தீங்கல்ல. அது அவருக்கும் ஒரு தடவை கிடைச்சா, அடுத்த தேர்தல்ல எங்களுக்கு நல்லது."

அவர் போனதும் ஜைத்தூன் அக்கா வீட்டுக்கு ஓடினேன். சொல்லி முடித்ததும் அக்கா மெஷினை நிறுத்தினாள். இருவரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். அப்புறம் அக்கா சிரித்த சிரிப்பில் கால் தவறி மெஷினை மிதித்து, ஊசி விரலில் ஏறிவிட்டது. மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டேன்.

ஜூன் 24, திங்கள்

எம்.பி. அலுவலகத்துக்குப் போன் செய்தேன். உதவியாளர் எடுத்தார். "சார், எம்.பி. எங்க தெருவுக்கு வர முடியலைன்னு கேள்விப்பட்டோம். பரவாயில்லை. தெருப் பொம்பளைங்க நாங்களே ஒரு வேன் பிடிச்சு வந்து உங்க ஆபீஸ் வாசல்லயே அவருக்கு ஆரத்தி எடுத்துடறோம். அடுத்த திங்கக்கிழமை நல்ல நாள்" என்றேன்.

அந்தப் பக்கம் பேனா கீழே விழுகிற சத்தம் கேட்டது. அப்புறம், "அதெல்லாம் எதுக்குங்க, ஐயாவுக்குப் பிடிக்காது" என்றார்.

"தண்ணியில நனைஞ்சு எங்களுக்காகக் கஷ்டப்பட்டவர் சார். ஆரத்தி எடுக்கலைன்னா மனசு கேக்காது. சுரங்கப்பாதை சரியாகிட்டா வேலையில மறந்துடுவோம். தண்ணியைப் பார்க்கப் பார்க்கத்தான் அவர் ஞாபகம் வருது."

போனை வைத்ததும் பார்த்தால் இவர் பின்னால் நிற்கிறார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

"வேன் நான் பேசறேன்" என்றார். மூன்று வாரத்துக்கு அப்புறம் இன்றுதான் சட்டையை மாற்றிக்கொண்டு டீக்கடைக்குப் போனார்.

ஜூலை 1, திங்கள்

பதினான்கு பேர், பதினான்கு தட்டு. எம்.பி. அலுவலகம் இருக்கிற தெருவில் வேன் திரும்பியதுமே அலுவலகக் கதவைச் சாத்தினார்கள். நாங்கள் வாசலில் வரிசையாக நின்றோம். ஜைத்தூன் அக்கா எனக்கு ஒரு பக்கம் தட்டைப் பிடித்துக்கொண்டாள். பத்திரிகைக்காரர்கள் இரண்டு பேர் வந்துவிட்டார்கள். ஜெயித்த எம்.பி.க்கு மக்கள் ஆரத்தி, இதில் என்ன தப்பு, போலீஸ்கூட ஓரமாக நின்று சிரித்தது.

கொஞ்ச நேரத்தில் மாடி ஜன்னல் பாதி திறந்தது. எம்.பி.யின் தலை தெரிந்தது.

"அக்கா, ரயில்வே கோட்ட மேலாளர்கிட்ட இப்பதான் பேசினேன். வெள்ளிக்கிழமை இன்ஜினியர் வர்றார். மோட்டார் ரூமுக்கு என் தொகுதி நிதியிலேயே எழுதிட்டேன். தயவு செஞ்சு அந்தக் கற்பூரத்தை மட்டும் ஏத்திடாதீங்க."

"ஏத்தலை சார். வெள்ளிக்கிழமை வரைக்கும் ஏத்தலை" என்றேன்.

திரும்பி வருகிற வழியெல்லாம் வேனில் இவர் கிளீனரிடம் கதை சொல்லிக்கொண்டு வந்தார். தொகுதி உருவான நாளிலிருந்து எத்தனையோ தெருக்கள் எம்.பி.யை ஜெயிக்க வைத்திருக்கின்றனவாம், ஜெயித்த எம்.பி.யை வேலை செய்ய வைத்தது ஒரே ஒரு தெருதானாம். 1977 ஜீப் அதில் வரவேயில்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கற்பூரத் தட்டை மடியில் வைத்திருந்ததால் துடைக்கவும் முடியவில்லை.

ஜூலை 12, வெள்ளி

இன்ஜினியர் சொன்னபடி போன வாரமே வந்து அளந்துவிட்டுப் போனார். இன்று தற்காலிக மோட்டார் போட்டார்கள். விடுதிக்கு நேரத்தோடு மாவு போயிற்று. "என்ன அரசி, பறந்து வந்தியா?" என்றார் வார்டன். ஜூலையைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 8, வியாழன்

ஏரிப் பக்கம் கசிவை அடைத்துச் சுவர் எழுப்புகிறார்கள். வேலையாட்களுக்கு இவர் தினமும் டீ வாங்கிக் கொடுக்கிறார். கூடவே வரலாறும். வேலை அதனால்தான் சீக்கிரம் முடியும் என்று ஜைத்தூன் அக்கா சொல்கிறாள், தப்பித்தால் போதுமென்று ஓடுவார்களாம்.

செப்டம்பர் 16, திங்கள்

வேலை முடிந்து இன்று திறப்பு விழா. எம்.பி. வந்தார். மேற்கு வாயில் பக்கம்தான் மேடை போட்டிருந்தார்கள். எங்கள் பக்கம் கால் வைக்க மாட்டார் என்று தெரியும். வாயிலின் குறுக்கே ரிப்பன் கட்டி, நல்ல நேரத்துக்காகக் காத்திருந்தார்கள்.

எனக்கு நல்ல நேரம் விடுதியில் இட்லி ஊற்றுகிற நேரம்தான். கேன்களை வைத்துக்கொண்டு கிழக்கே இறங்கினேன். "விழா முடியட்டும்மா" என்றார் ஒரு போலீஸ்காரர். புள்ளைங்க பசி நல்ல நேரம் பார்க்காது என்று சொல்லிவிட்டு வண்டியை விட்டேன். காய்ந்த தரை, இரண்டு பக்கமும் வெள்ளையடித்த சுவர், டயர் நனையவில்லை. ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் அந்தப் பக்கம் மேலே ஏறி, ரிப்பனுக்கு முன்னால் பிரேக் போட்டேன்.

ரிப்பனுக்கு அந்தப் பக்கம் கத்தரிக்கோலோடு எம்.பி. என்னைப் பார்த்ததும் இரண்டடி பின்னால் போனார். அவர் கண் என் கையையும், மடியையும், வண்டியின் முன்பக்கத்தையும் தேடியது.

"தட்டு எதுவும் இல்லையே அக்கா?"

"இல்ல சார். மாவுதான்."

அவருக்கு மூச்சு வந்தது. "அப்ப அது முதல்ல போகட்டும்" என்று சொல்லி, நல்ல நேரத்துக்குக் காத்திராமல் சரக்கென்று ரிப்பனை வெட்டிவிட்டார். சுற்றியிருந்தவர்கள் கைதட்டினார்கள். நான் வண்டியை நகர்த்தும்போது பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார். "இனிமே ஆரத்திக்கு அவசியம் இருக்காதுல்ல?"

"மோட்டார் ஓடுற வரைக்கும் இருக்காது சார்."

உடனே உதவியாளரைக் கூப்பிட்டு, மோட்டாருக்கு இன்னொரு மோட்டார் மாற்றாக வேண்டும், எழுதிக்கொள் என்றார். அப்புறம் என்னைப் பார்த்து இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டார். ஓட்டு கேட்டு வரும்போது கும்பிடுவார்களே, அப்படியில்லை. இது வேறு.

அந்த இருபத்தேழு பேரில் ஒருத்திதான் எதிரில் நிற்கிறாள் என்று அவருக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம், தெரிந்தால் பயம் போய்விடும். கல்யாணமாகி வந்ததிலிருந்து எத்தனையோ எம்.பி.க்களுக்குத் தட்டைச் சுற்றிச் சுற்றி எனக்குக் கை வலித்ததுதான் மிச்சம். ஓர் எம்.பி. எங்களைப் பார்த்துப் பயப்படுவதை இன்றுதான் பார்க்கிறேன். எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.